நாற்பது நிமிடக் கடல்

செவ்வாய், வியாழன், சனி
ஐந்து ரோட்டு ஆஸ்பத்திரியின் மூன்றாம் மாடி,
நான்காம் நம்பர் மெஷின்.
மிச்ச நாள் நம்முடையது என்று
கிழித்த காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில்
ஊர்ப்பெயர் எழுத ஆரம்பித்தவர் அர்த்தநாரிதான்.

மேலே ஒரே நிபந்தனை:
காலையில் கிளம்பினால்
ராத்திரி சொந்தக் கட்டிலில் படுக்க வேண்டும்.
இன்னொன்றும் உண்டு, அதை அவர் எழுதவில்லை.
நாள் முழுக்கத் தண்ணீர் முக்கால் லிட்டர்.
மாத்திரைக்குக் குடிக்கும் மடக்கும் அதில் சேரும்.
பாட்டிலில் மார்க்கரால் கோடு போட்டது நான்.

முதல் தாள் சங்ககிரி.
கோட்டையின் மூன்றாம் வாசலோடு உட்கார்ந்துவிட்டார்.
"எதிரிப் படையும் இங்கேதான்
மூச்சு வாங்கியிருக்கும்."
கீழே லாரிப் பட்டறைகளில்
தீப்பெட்டி தீப்பெட்டியாக வண்டிகள்.
நூற்றுப் பன்னிரண்டு எண்ணுவதற்குள்
நிழல் எங்களைவிட்டு நகர்ந்துவிட்டது.

வைகாசியில் தாரமங்கலம்.
வழி நெடுக மாம்பழக் கூடைகள்.
குண்டு, மல்கோவா, பேர் தெரியாத சிவப்பு ஒன்று.
எதுவும் அவருக்கு ஆகாது.
கார்க் கண்ணாடியை ஏற்றச் சொன்னார்.
ஓமலூர் தாண்டியதும்
இறக்கச் சொன்னார்.

கோயிலில் யாளியின் வாய்க்குள் ஒரு கல் உருண்டை.
விரலால் தள்ளினால் உருளும்,
வெளியே எடுக்க வராது.
தாகம் தாங்காத ராத்திரிகளில்
ஐஸ் கட்டியை ஒரு கன்னத்திலிருந்து
மறு கன்னத்துக்கு மாற்றுகிற ஆள்
வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.
"இதுக்கும் முக்கால் லிட்டர்தான் போல."
பக்கத்தில் நின்ற பள்ளிக்கூடப் பையன்கள்
நாங்கள் ஏன் அப்படிச் சிரிக்கிறோம் என்று
திரும்பிப் பார்த்தார்கள்.

ஏற்காட்டுக்கு ஆவணியில் போனோம்.
நாற்பத்தொரு வயதில் ஓட்டக் கற்றவள் நான்.
இருபது கொண்டை ஊசிக்கும்
பலகையிலிருக்கும் எண்ணைச் சத்தமாகப் படித்துக்கொண்டே
பழைய ஆல்டோவை ஏற்றினேன்.
கிளியூர் அருவிக்குப் படி அதிகம்.
இறங்கவில்லை.
மேலே மிளகுக்கொடி சுற்றிய மரத்தடியில்
கண்ணை மூடி நின்றார்.
"சத்தம் கணக்கில் சேராது, இல்லையா?"

சேராது என்றேன்.

இப்போது மேஜையில் இருக்கிற தாளில் கடல்.
மெஷின் பார்க்கும் ஜெசிந்தாவுக்குப் பொறையாறு.
ஊசி குத்தும்போது வலி தெரியாமலிருக்க
அவள் பேசிப் பேசியே கொண்டுவந்த கடல்.
தரங்கம்பாடியில் டேனிஷ்காரன் கட்டிய கோட்டை,
மஞ்சள் சுவர்,
சாயங்காலம் நண்டுக் குஞ்சுகள் ஓடும் மணல்.
"சேலத்துக்காரங்களுக்கு அலையைக் காட்டணும் சார்,
மலையைப் பாத்துப் பாத்து
கழுத்து நிமிந்தே போச்சு உங்களுக்கு."

ஆத்தூர், விருத்தாசலம், சிதம்பரம்.
போக ஆறு மணி நேரம்,
அவருக்காக இரண்டு இடத்தில் நிறுத்த வேண்டும்.
வர ஆறரை. இருட்டில் நான் மெதுவாகத்தான் ஓட்டுவேன்.
திங்கட்கிழமையை எழுதி அடித்தோம்.
சனியோடு மெஷின் விட்டு இரண்டாம் நாள்,
கால் வீங்கும், மூச்சு வாங்கும்.
ஞாயிறு என்று எழுதினோம்.
கூட்டினோம், கழித்தோம்,
கோட்டைக்குள் போகாமல் விட்டோம்,
சாப்பாட்டைக் காருக்குள் மாற்றினோம்.
கடைசியில் கடலுக்கு நின்றது
நாற்பது நிமிடம்.

"போதுமா?"
அவர் பதில் சொல்லவில்லை.
இடது கையை என் பக்கம் நீட்டினார்.
ஊசிக்காக ரத்தக் குழாய்களைச் சேர்த்துத் தைத்த இடம்
தொட்டால் அதிரும்,
காது வைத்தால் இரையும்.
புதிதாக வந்த வாரம் அந்தச் சத்தத்தில்
எனக்குத் தூக்கமே வரவில்லை.
இப்போது கேட்காவிட்டால் வருவதில்லை.

ராத்திரி இரண்டரைக்கு அலாரம்.
பின் டயரில் காற்று குறைவு,
சனிக்கிழமை ஆஸ்பத்திரி முடிந்து வரும்போது
பங்கில் பிடிக்க வேண்டும்.
பாட்டிலைக் கழுவிக் கவிழ்த்தேன்.
தாளின் ஓரத்தில்
பொடி எழுத்தில் புதிதாக ஒரு வரி:
கால் நனைப்பதும் கணக்கில் சேராது.